ஆசிரியருக்கு மெயில்: சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவே

மாணவர்களின் மெயிலை நான் படிப்பது பெரும்பாலும் ரயிலில்தான். காலையில் சைதாப்பேட்டையில் தாம்பரம் வண்டியைப் பிடிப்பேன். உட்கார இடம் கிடைத்தால் பையை மடியில் வைத்துக்கொண்டு போனை எடுப்பேன். கிடைக்காவிட்டால் ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் போன். வண்டி அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி கிண்டிக்குள் நுழைய மூன்று நிமிடம் போல ஆகும். அதற்குள் ஒரு மெயிலைத் திறந்து, யார் எழுதியது, என்ன வேண்டும் என்று புரிந்துகொண்டு, ‘சரி’ என்றோ ‘நாளை மதியம் வா’ என்றோ பதில் போட முடிந்தால் அது நல்ல மெயில். பல்லாவரம் வந்த பிறகும் ‘இந்தப் பையன் எந்த வகுப்பு, எந்த அசைன்மென்ட்டைச் சொல்கிறான்’ என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தால், அதில் எத்தனை ‘மதிப்பிற்குரிய’ இருந்தாலும் எனக்கு அது மரியாதையாகப் படுவதில்லை.

பத்தொன்பது வருடமாகக் காமர்ஸ் நடத்துகிறேன். செமஸ்டர் தேர்வு நெருங்கும்போது, அதாவது அக்டோபர் கடைசியிலும் மார்ச் கடைசியிலும், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது மெயில் வந்துவிடும். அதில் திமிராக எழுதியவை என்று எடுத்தால் வருடத்துக்கு இரண்டு மூன்று தேறாது. மற்றதெல்லாம் பணிவாகத்தான் இருக்கும். பிரச்சினை பணிவில் இல்லை. எழுதியவர் செய்யவேண்டிய வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் பணிந்து நிற்பதில்தான் இருக்கிறது. பதிவு எண்ணை நான் தேட வேண்டும், தேதியை நான் கேட்க வேண்டும், கோப்பை நான் திருப்பிப் போட வேண்டும்.

சரி, மெயிலைத் திறப்பதற்கு முன்பு கண்ணில் படுவதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

திறப்பதற்கு முன்

ஒருமுறை ஒரு ஃபேன்ஸி ஸ்டோரிடமிருந்து மெயில் வந்தது. விளம்பரம் என்று நினைத்து அழிக்கப் போனேன். உள்ளே பார்த்தால் அட்டென்டன்ஸ் 71 சதவீதம் வந்திருக்கிறது, 75 ஆக்க ஏதாவது வழி உண்டா என்று கேள்வி. பையனுடைய அப்பா கடை வைத்திருக்கிறார். வீட்டில் இருந்த முதல் ஸ்மார்ட்போனில் கடைப் பெயரில் கணக்குத் திறந்தார்கள், அதையே இவனும் பயன்படுத்துகிறான். அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் ஜிமெயிலில் புதுக் கணக்குத் திறப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். கல்லூரி கொடுத்த மெயில் ஐடி இருந்தால் இன்னும் நல்லது, அதில் பெயரும் எண்ணும் தானாகவே தெரியும். 1971-இல் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர், ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க நடுவில் ‘@’ குறியைப் போட்டார். அந்தக் குறிக்கு இடது பக்கம் இருப்பதுதான் ஆள். எட்டாம் வகுப்பில் கேம் விளையாட வைத்த ‘கில்லர் பாய் 007’ அந்த இடத்தில் நின்றுகொண்டு என்னிடம் போனஃபைட் சர்டிபிகேட் கேட்கக் கூடாது.

அடுத்தது பொருள். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த வரிசை நம் எல்லோருக்கும் மனப்பாடம்: அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா. இதில் முதல் இரண்டும் மெயிலில் தானாகவே வந்துவிடுகின்றன. ஆனால் பலர் விடுவதில்லை. கதவு எண், தெரு, பின்கோடு வரை தன் முகவரி, அதன் கீழே என் பெயர், துறை, கல்லூரி, பின்கோடு. போனில் முதல் திரை முழுக்க முகவரிதான். விஷயத்தைத் தேடி விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அதையெல்லாம் விட்டுவிடுங்கள். விடக்கூடாதது பொருள் ஒன்றுதான், அதைத்தான் பாதிப் பேர் காலியாக விடுகிறார்கள்.

காலியாக விடாதவர்கள் ‘மேம்’ என்று போடுகிறார்கள். அல்லது ‘ரிக்வெஸ்ட்’. அல்லது மூன்று ஆச்சரியக்குறியோடு ‘அவசரம்’. ஒரு மாணவி செப்டம்பர் 5-ஆம் தேதி ஆசிரியர் தின வாழ்த்து அனுப்பினாள், நானும் நன்றி சொன்னேன். பிப்ரவரியில் அதே மெயிலுக்குக் கீழே பதிலாக ‘மேம், அரியர் பீஸ் கட்ட கடைசித் தேதி எப்போது’ என்று கேட்டிருந்தாள். ஆசிரியர் தின வாழ்த்து என்ற தலைப்பைப் பார்த்து, அப்புறம் படிக்கலாம் என்று விட்டுவிட்டேன். அப்புறம் படித்தபோது தேதி போய்விட்டது. புது விஷயத்துக்குப் புது மெயில் எழுதுங்கள்.

போன் திரையில் பொருள் வரியின் முதல் ஐந்தாறு சொற்கள்தான் தெரியும், அதனால் சாரத்தை முன்னால் வையுங்கள். ‘காஸ்டிங் அசைன்மென்ட் 2: இரண்டு நாள் அவகாசம் வேண்டி, இரண்டாம் ஆண்டு பி பிரிவு.’ இதைப் பார்த்தாலே எனக்குப் பாதி வேலை முடிந்தது.

சாரா, மேடமா, மேமா

‘ரெஸ்பெக்டட் சார்/மேடம்’ என்று நடுவே சாய்கோடு போட்டு வரும் மெயில்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூன்று செமஸ்டராக வகுப்பில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, நான் ஆணா பெண்ணா என்பதை என் தீர்மானத்துக்கே விட்டிருக்கிறது.

‘வணக்கம் மேம்’ அல்லது ‘வணக்கம் சார்’ போதும். ஆங்கிலத்தில் எழுதினால் டியர் போட்டு மேம் அல்லது சார். எங்கள் துறையில் ஓய்வுபெற்ற மூத்த பேராசிரியர் ஒருவருக்கு ‘டியர்’ என்றாலே ஆகாது, அது பெண்டாட்டிக்கு எழுதுகிற சொல் என்பார். ஆனால் அவர் தலைமுறை போய்விட்டது. பெயரோடு எழுத விரும்பினால் துறை வாசலில் இருக்கும் பலகையைப் பார்த்து இனிஷியலோடு சரியாக எழுதுங்கள். அங்கே ‘டாக்டர்’ இருந்தால் நீங்களும் போடுங்கள். வெளிநாட்டுப் பேராசிரியர் சிலர் வெறும் முதல் பெயரில் கையெழுத்துப் போடுவார்கள். அவர் அப்படிப் போட்ட பிறகு நீங்களும் அப்படி அழைக்கலாம். நம் ஊரில் வேண்டாம். ‘ஹாய் மேம்’ வாட்ஸ்அப்போடு நிற்கட்டும். அங்கேயும் ‘ஹாய் மேம், குட் ஈவினிங்’ என்று மட்டும் அனுப்பிவிட்டு, நான் ‘சொல்லுப்பா’ என்று கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

வணக்கத்துக்கு அடுத்த வரியிலேயே நீங்கள் யார் என்பது வந்துவிட வேண்டும். பெயர் இனிஷியலோடு, வகுப்பு, பிரிவு, பதிவு எண். ‘மேமுக்கு என்னைத் தெரியுமே’ என்று நினைக்காதீர்கள். தெரியும். ஆனால் ஒரே வகுப்பில் நான்கு கார்த்திக், மூன்று ஐஸ்வர்யா இருக்கிறார்கள். முகம் தெரிந்து பயனில்லை, மதிப்பெண் பட்டியலில் எண்தான் இருக்கும்.

பலகையின் குரல்

மெயிலை எந்த மொழியில் எழுதுவது? எனக்கு முக்கால்வாசி ஆங்கிலத்தில்தான் வருகிறது. தமிழில் எழுதினாலும் மகிழ்ச்சியாகப் படிப்பேன், இங்கே மாதிரிகளையும் தமிழில்தான் தரப்போகிறேன். ஆங்கிலத்தில் எழுதுவதென்றாலும் அடுக்கு இதேதான். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவது மட்டும் வேண்டாம். ரயில் குலுங்கும்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதை நான் தாண்டிவிட்டேன். இப்போதெல்லாம் போனிடம் தமிழில் பேசினாலே அது தட்டச்சு செய்துவிடுகிறது. பதிவு எண்ணை மட்டும் கையால் அடித்துச் சரிபாருங்கள்.

தமிழில் எழுதும்போது ஒரு விகுதி காலை வாரிவிடும். ‘அனுப்பவும்’, ‘திருத்தவும்’, ‘பதில் அளிக்கவும்’. இலக்கணப்படி அது மரியாதையான வடிவம்தான். ஆனால் இந்த ‘வும்’ நம் காதுக்குப் பழகியது எங்கே? ‘வரிசையில் நிற்கவும்’, ‘காலணிகளை வெளியே விடவும்’, ‘சரியான சில்லறை கொடுக்கவும்’. அது பலகையின் குரல். முன்னால் ‘தயவுசெய்து’ சேர்த்தால் பலகைக்குப் பெயின்ட் அடித்தது போல இருக்குமே தவிர, குரல் மாறாது. நேரில் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து நின்றால் ‘மேம், மார்க் ஷீட்டைத் திருத்தவும்’ என்று யாராவது சொல்வார்களா? ‘கொஞ்சம் பார்க்க முடியுமா மேம்’ என்றுதான் வாயில் வரும். அதையே எழுதுங்கள். ‘அனுப்ப முடியுமா?’, ‘அனுப்பினால் உதவியாக இருக்கும்’, ‘பார்க்க நேரம் கிடைக்குமா?’ அலுவலக விண்ணப்பம் என்றால் ‘கேட்டுக்கொள்கிறேன்’ பொருந்தும்.

ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்வது ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’. எது நீட்ஃபுல் என்று சொல்லவே மாட்டார்கள். அதைக் கண்டுபிடிப்பதும் என் வேலைதான்.

மறுபக்கமும் உண்டு. ‘தங்கள் பொன்னான நேரத்தில் சில மணித்துளிகளை இந்தச் சிறியேனுக்காக’ என்று ஆரம்பித்து நான்கு வரி போகும். பட்டிமன்ற மேடையில் நிற்கிற மாதிரி எனக்கே கூச்சமாக இருக்கும். அதோடு, இப்படி ‘தாங்கள்’ என்று தொடங்குபவர்கள் ஐந்தாவது வரியில் மூச்சு வாங்கி ‘நீங்க போட்ட மார்க்’ என்று இறங்கிவிடுகிறார்கள். ‘நீங்கள்’ என்றே ஆரம்பித்தால் கடைசிவரை தாக்குப்பிடிக்கும்.

மதிப்பெண் விவகாரம்

எல்லாவற்றிலும் கத்தி மேல் நடக்கிற மெயில் இதுதான். எனக்கு வந்த ஒன்றை, ஆள் தெரியாதபடி மாற்றித் தருகிறேன்:

‘மேம், எனக்கு இன்டர்னலில் 25-க்கு 14 போட்டிருக்கிறீர்கள். என் பிரெண்டுக்கு 21. நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் எழுதினோம். எதன் அடிப்படையில் மார்க் போடுகிறீர்கள்?’

கடைசி வரியை விடுங்கள், வயசு அப்படி. நான் நின்றது ‘ஒரே மாதிரிதான் எழுதினோம்’ என்ற இடத்தில். அன்று மாலை இரண்டு விடைத்தாளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வாக்கியம் வாக்கியமாக ஒரே மாதிரிதான் இருந்தது. அதன் பிறகு நடந்தது அவனுக்கும் நல்லதில்லை, அவன் பிரெண்டுக்கும் நல்லதில்லை.

அடுத்தவர் மதிப்பெண்ணை இழுக்காமல், மொத்த மதிப்பெண்ணைப் பற்றியும் பேசாமல், ஒரு கேள்வியைப் பிடியுங்கள். இப்படி:

‘பொருள்: இரண்டாவது இன்டர்னல், கேள்வி 7, விடைத்தாள் பற்றி ஐந்து நிமிடம்

வணக்கம் மேம்.

நான் (பெயர்), பி.காம். இரண்டாம் ஆண்டு, பி பிரிவு, பதிவு எண் (எண்).

இரண்டாவது இன்டர்னலில் 7-ஆவது கேள்விக்கு, லேபர் வேரியன்ஸ் கணக்குக்கு, 10-க்கு 3 கிடைத்திருக்கிறது. என் விடை தவறு என்பது தெரிகிறது. ஆனால் ஃபார்முலாவும் முதல் இரண்டு ஸ்டெப்பும் சரி என்று நினைக்கிறேன். எங்கே தவறினேன் என்று தெரிந்துகொள்ள, புதன் அல்லது வியாழன் மதிய இடைவேளையில் வந்து பார்க்கலாமா? அந்தப் பக்கத்தின் படத்தை இணைத்திருக்கிறேன்.

நன்றி மேம்.’

இதில் கெஞ்சல் இல்லை, குழைவும் இல்லை. ‘தவறு என்பது தெரிகிறது’ என்று அவன் ஒப்புக்கொண்டதால் எனக்கு வாதாட எதுவும் இல்லை. படம் இருப்பதால் விடைத்தாளைத் தேட வேண்டாம். நாள் சொல்லியிருப்பதால் ‘வியாழன் வா’ என்று இரண்டே சொல்லில் பதில் முடியும். ஸ்டெப்புக்கான மதிப்பெண்ணை நான் விட்டிருந்தால், இந்த மெயிலைப் படிக்கும்போதே எனக்கு உறுத்த ஆரம்பித்துவிடும். அவன் வருவதற்கு முன்பே கூட்டல் சரிபார்த்திருப்பேன்.

கோபத்தோடு எழுதுகிறீர்கள் என்றால் ‘டூ’ கட்டத்தில் முகவரியைப் போடாமல் எழுதுங்கள். எழுதி முடித்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து படித்துப் பார்த்து, கடைசியாக முகவரியைப் போடுங்கள். ஜிமெயில் செட்டிங்ஸில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரத்தை 5 நொடியிலிருந்து 30 நொடியாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றி வையுங்கள். புத்தி பெரும்பாலும் பத்தாவது நொடியில்தான் வருகிறது.

தாமதம், லீவு, மழை

அவகாசம் கேட்பதென்றால் கடைசித் தேதிக்கு முன்பே கேளுங்கள். காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். எப்போது தருவீர்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள். ‘முடிந்தவரை சீக்கிரம்’ என்பது தேதி இல்லை. ‘வெள்ளி மாலை 4 மணிக்குள்’ என்பதுதான் தேதி. உடம்பு சரியில்லை என்றால் வாந்தியின் நிறம்வரை வர்ணிக்க வேண்டாம். காய்ச்சல், இரண்டு நாள், டாக்டர் சீட்டு இருக்கிறது, அவ்வளவுதான். ஓ.டி., அதாவது நிகழ்ச்சிக்குப் போனதற்கான ‘ஆன் டியூட்டி’ அட்டென்டன்ஸ், கேட்டால் எந்த நிகழ்ச்சி, எந்தெந்தப் பீரியட், யார் அனுமதித்தார்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அப்போது முடிச்சூரிலிருந்து ஒரு மாணவர் திங்கட்கிழமை இரவு எழுதிய மெயில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எங்கள் தெருவில் கரண்ட்டும் இல்லை, சிக்னலும் இல்லை. நான் பார்த்தது இரண்டு நாள் கழித்துத்தான். வணக்கம்கூட இல்லை:

‘பதிவு எண் (எண்), மூன்றாம் ஆண்டு ஏ. வீட்டுக்குள் தண்ணீர். ப்ராஜெக்ட் ரெக்கார்டு நனைந்துவிட்டது, சாஃப்ட் காப்பி டிரைவில் பத்திரமாக இருக்கிறது. போனில் சார்ஜ் 9 சதவீதம். கரண்ட் வந்ததும் எழுதுகிறேன். நாங்கள் மாடியில் பத்திரமாக இருக்கிறோம் மேம்.’

இருக்கிற 9 சதவீதத்தில் எண்ணை முதலில் போட்டிருக்கிறான். நான் கேட்கக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, நான் கவலைப்படுவேன் என்று கடைசி வரியையும் எழுதியிருக்கிறான். அடுத்த வருடம் மெயில் எழுதுவது பற்றி முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இதைத்தான் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். வணக்கத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன், சார்ஜ் இருந்தால்.

நான் செய்த தப்பு

2005-இல் பி.எச்டி.க்கு கைடு தேடிக்கொண்டிருந்தேன். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு, அதனால் அவசரம். நான்கு பேராசிரியர்களுக்கு ஒரே கடிதத்தை நகலெடுத்து, மேலே பெயரை மட்டும் மாற்றி அனுப்பினேன். மேலே மாற்றினேன். நடுவில், ‘தங்கள் ஆய்வுகளை நான் தொடர்ந்து படித்து வருகிறேன், டாக்டர் இன்னார் அவர்களே’ என்று இருந்த இடத்தில் மாற்றவில்லை. இரண்டாமவரிடமிருந்து மறுநாள் பதில் வந்தது: ‘நீங்கள் தொடர்ந்து படித்துவருபவர் என் நண்பர்தான். கடிதத்தை அவருக்கே அனுப்பிவைத்திருக்கிறேன்.’ நண்பருக்கு ஏற்கனவே ஒன்று போயிருந்தது. அவரும் பதில் எழுதவில்லை.

இப்போது இதே தப்பு வேறு உருவத்தில் வருகிறது. ‘இந்த மின்னஞ்சல் தங்களை நலமுடன் வந்தடையும் என நம்புகிறேன்’ என்று ஆரம்பித்து, வழவழவென்று நான்கு பத்தி ஓடி, கடைசியில் ‘உங்கள் பெயரை இங்கே இடவும்’ என்று முடிகிறது. சாட்ஜிபிடியிடம் உதவி கேட்டதில் எனக்குக் கோபம் இல்லை, ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகளுக்கு அது ஒரு கைத்தடி. ஆனால் அது நீட்டித்தான் எழுதும். நான்கு வரிக்குள் சுருக்கச் சொல்லுங்கள், பிறகு வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். உங்கள் வாயில் வராத வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

சிபாரிசுக் கடிதம்

வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போகிறவர்கள் எல்.ஓ.ஆர். கேட்டு வருவார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு டிசம்பர், ஜனவரியில் கடைசித் தேதி. எங்களுக்கு நவம்பர், டிசம்பர் முழுக்க தேர்வும் விடைத்தாள் திருத்தலும். ஆகவே அக்டோபருக்குள் கேளுங்கள், குறைந்தது மூன்று வாரம் கொடுங்கள். ‘நாளை மறுநாள் கடைசி மேம்’ என்றால், எனக்குக் கோபம் வந்தாலும் வராவிட்டாலும் கடிதம் மோசமாகத்தான் இருக்கும்.

முதல் மெயிலில் எழுதித்தர முடியுமா என்று மட்டும் கேளுங்கள், மறுக்கவும் இடம் விட்டு. ‘என்னைப் பற்றி நல்லபடி எழுதும் அளவுக்கு உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், உங்களுக்குச் சரிப்படுமா?’ என்று கேட்டால், அரைமனதோடு எழுதப்போகிறவர் நாசூக்காக விலகிக்கொள்வார். அரைமனதுக் கடிதத்தால் உங்களுக்குத்தான் நஷ்டம். சரி என்று சொன்ன பிறகு இரண்டாவது மெயில் அனுப்புங்கள். அதில் எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்தத் தேதி என்று ஒரே பட்டியல். மதிப்பெண் சான்று. என்னிடம் எந்தப் பாடம் படித்தீர்கள், என்ன ப்ராஜெக்ட் செய்தீர்கள், எதில் சொதப்பி எப்படிச் சரிசெய்தீர்கள் என்று ஐந்தாறு வரி. சொதப்பியதையும் எழுதுங்கள், கடிதத்துக்கு உயிர் அங்கிருந்துதான் வரும். பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு லிங்க் வரும். பல இடங்களில் கல்லூரி மெயில் ஐடியைத்தான் ஏற்பார்கள், எது என்று என்னிடம் கேட்டுக்கொண்டு படிவத்தில் போடுங்கள்.

‘டிராஃப்ட் நானே எழுதிட்டேன் மேம், சைன் மட்டும் போடுங்க’ என்பதை ஏற்கும் ஆசிரியர்கள் உண்டு. நான் ஏற்பதில்லை. எல்லோருடைய டிராஃப்ட்டிலும் எல்லோரும் ‘கடின உழைப்பாளி’யாகவே இருக்கிறார்கள்.

இணைப்பு, சி.சி.

‘நியூ டாக் 14’, ‘ஸ்கேன் 0031’, ‘ஃபைனல் ஃபைனல் 2’. அறுபது பேர் இப்படி அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கோப்பின் பெயரில் பதிவு எண்ணும் அசைன்மென்ட் எண்ணும் இருக்கட்டும். பக்கவாட்டில் படுத்திருக்கும் பதினோரு போட்டோக்களாக இல்லாமல் ஒரே பி.டி.எஃப். ஆக இருக்கட்டும். ஜிமெயிலில் 25 எம்.பி.க்கு மேல் போனால் டிரைவ் லிங்காகத்தான் போகும். லிங்க் அனுப்பினால் பார்க்கும் அனுமதியையும் திறந்துவிடுங்கள். குரோம்பேட்டையில் நின்றுகொண்டு நான் லிங்கைத் தொட, ‘உரிமையாளரிடம் அனுமதி கேட்கவும்’ என்று கூகுள் சொல்கிறது. உங்கள் அசைன்மென்ட்டைத் திருத்த நான் உங்களிடம் அனுமதி கேட்டு நிற்கிறேன்.

சி.சி. என்பது கார்பன் காப்பி. ப்ளஸ் டூ முடித்த லீவில் சைதாப்பேட்டையில் ஒரு மாடியறை டைப்பிங் கிளாஸில் லோயர் கிரேடு படித்தேன். இரண்டு தாளுக்கு நடுவே கார்பனைச் செருகி அடித்தால் அடியில் நகல் விழும், விரலெல்லாம் நீலம். நகல் யாருக்குப் போகிறது என்பது அப்போதும் பெரிய விஷயம், இப்போதும்தான். என்னிடம் ஒன்று கேட்கும்போதே எச்.ஓ.டி.க்கும் பிரின்சிபாலுக்கும் சி.சி. போட்டால், நான் பதில் சொல்லும் முன்பே என் மேல் புகார் கொடுத்த மாதிரி. முதலில் எனக்கு மட்டும் எழுதுங்கள். ப்ராஜெக்ட்டில் நான்கு பேர் என்றால் மற்ற மூவரை சி.சி.யில் சேருங்கள், அது நல்ல பழக்கம். இல்லாவிட்டால் ஒரே கேள்வி நான்கு முறை வரும்.

பெற்றோர் எழுதுவதற்கும் ஏறக்குறைய இதேதான். வேளச்சேரியில் இருக்கும் என் தங்கை, பையனின் கிளாஸ் மிஸ்ஸுக்கு எழுதிய மெயிலைக் காட்டினாள். பெஞ்சு மாற்றியது, டிபன் பாக்ஸ் தொலைந்தது, கணக்கில் குறைந்தது, போன வருட மிஸ் எவ்வளவு நல்லவர் என்பது, எல்லாம் ஒரே மெயிலில். கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு, பையன் பெயர், வகுப்பு, பிரிவு எழுதி, எப்போது வந்து பார்க்கலாம் என்று கேட்கச் சொன்னேன். போன வருட மிஸ்ஸை நீக்கத்தான் அவளுக்கு மனசே வரவில்லை.

அனுப்பிய பிறகு

இரவு 2 மணிக்கு எழுதினால் எழுதுங்கள், எனக்கென்ன. ஆனால் ஷெட்யூல் செய்து காலை 7.30-க்கு வரும்படி வைத்தால் பெட்டியில் மேலாக இருக்கும். அனுப்பிய அரைமணியில் ‘மேம் மெயில் பார்த்தீங்களா’ என்று வாட்ஸ்அப்பில் வராதீர்கள்.

மூன்று வேலைநாள் பாருங்கள். பதில் இல்லை என்றால், நீங்கள் அனுப்பிய அதே மெயிலின் கீழேயே ஒரு வரி: ‘மேம், திங்கட்கிழமை அனுப்பிய இந்த மெயிலைப் பார்க்க நேரம் கிடைத்ததா? படிவத்துக்கு வெள்ளி கடைசி நாள்.’ வெறும் இரண்டு கேள்விக்குறி அனுப்பினால் நினைவூட்டல் ஆகாது. அதற்கும் பதில் இல்லை என்றால் ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிடுங்கள். நானும் சில மெயில்களைத் தவறவிட்டிருக்கிறேன், நேரில் வந்து நின்ற பிள்ளையிடம் ‘ஏன் வந்தாய்’ என்று கேட்டதில்லை.

பதில் வந்ததும் ‘நன்றி மேம், வியாழன் 12.45-க்கு வருகிறேன்’ என்று ஒரு வரி போடுங்கள். அதற்கு நான் ‘சரி’ போட்டால், அதற்கும் ஒரு ‘ஓகே மேம்’ போட வேண்டாம்.